ஆல்டர்லி பங்களாவில் பயமில்லை

அக்டோபர் 9, 2024, புதன்

மியூசிக் ரூமில் பியானோவுக்கு மேல் மெழுகுவத்தி அந்தரத்தில் நின்றது. அதைக் கீழே இறக்கி வைப்பதிலேயே மதியம்வரை போய்விட்டது. "விடு ரேகா, பேய் வீடுதானே. பறந்தா பறக்கட்டும்" என்றான் நெல்சன். ரெண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு.

கேம் வெளியாக இன்னும் பதினைந்து நாள். கோயமுத்தூரில் என்னோடு கல்லூரியில் படித்த நெல்சனும் நானும் மேல் குன்னூரில் பேக்கரிக்கு மேலே இந்த அறையைப் பிடித்து நாலு வருடம் ஆகிறது. எட்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தோம். வெள்ளைக்காரன் கட்டிய ஒரு எஸ்டேட் பங்களா, அதில் பன்னிரண்டு அறை, அறைக்கு ஒரு புதிர். எல்லாவற்றையும் அவிழ்த்தால் மார்கரெட் துரைசானி எப்படிச் செத்தாள் என்று தெரியவரும். படமும் சத்தமும் நெல்சன். கதையும் புதிரும் நான்.

வீட்டுக்கு வந்து அஜயைக் கடைசியாக ஒரு தடவை விளையாட வைத்தேன். "நல்லாருக்கு ரேகா. ரொம்ப நல்லாருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் டீ டேஸ்டர். ஏலத்துக்கு வரும் தூளை எல்லாம் புரோக்கர் ஆபீசில் உறிஞ்சித் துப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை எழுதுவது அவர் வேலை. 'ஃப்ளாட்', அதாவது சப்பென்று இருக்கிறது என்று எழுதிவிட்டால் ஃபேக்டரிக்காரர்கள் வாசலில் வந்து நின்றாலும் மாற்ற மாட்டார். அப்படிப்பட்ட மனுஷரே நல்லாருக்கு என்கிறார். எனக்கு அது போதும்.

அக்டோபர் 24, வியாழன்

வெளியாகிவிட்டது. சாயங்காலம் ஆறரைக்குப் பட்டனை நெல்சன் அமுக்கினான், அவன் விரல்மேல் என் விரல். கீழே பேக்கரி சுசீலாக்கா ஒரு தட்டு நிறைய வர்க்கி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரிலீசாமா? நம்ம தியேட்டருக்கு எப்பங்க வருது?" என்று கேட்டார்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 26, சனி

பதினோரு பேர் விமர்சனம் எழுதியிருக்கிறார்கள். எட்டுப் பேருக்குப் பிடிக்கவில்லை.

ஒருவர்: "கடிகாரப் புதிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு விடையை யூடியூபில் பார்த்தேன். பார்த்த பிறகும் அதுதான் ஏன் விடை என்று புரியவில்லை." இன்னொருவர்: "பேய் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் விளக்கு மங்குகிறது. நாலாவது தடவை கொட்டாவி வந்தது."

முதல் ரெண்டு நாள் இப்படித்தான் இருக்கும் என்றான் நெல்சன்.

கடிகாரப் புதிர் என்னுடையது. போன வருடமே அதை எடுத்துவிடச் சொன்னான். மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்துதான் ஜெயித்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இனி எதையும் படிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மதியத்துக்குள் ஒன்பது தடவை படித்துவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

பெரிய தளம் ஒன்றில் விமர்சனம் வந்துவிட்டது. நாங்கள் காத்திருந்தது இதற்குத்தான். பத்துக்கு நாலு.

நெல்சனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "வீடு அழகு. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்பதற்காகவே அரை மணி நேரம் ஒரே அறையில் நின்றேன். அதற்குள் ஒரு புதிர் வந்து காரியத்தைக் கெடுத்தது." இந்த இடத்தில் நெல்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த மழைக்காக அவன் ஒரு வருடம் ஊர் ஊராகத் தகரக் கூரை தேடி அலைந்தவன். சந்தோஷப்பட்டிருப்பான். அதை என்னிடமிருந்து மறைத்தான். அவன் சிரித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம் கடைசி வரி. "இந்த வீட்டில் ஒரு பெண் செத்தாள் என்கிறார்கள். அவள் வாழ்ந்தாள் என்பதற்கு ஒரு அடையாளமும் எனக்குக் கிடைக்கவில்லை."

வரும் வழியெல்லாம் அதே வரி. மார்கரெட்டுக்கு என்ன பிடிக்கும்? யாரிடம் கோபித்துக்கொள்வாள்? நாலு வருஷம் அவகூட இருந்திருக்கேன். காலைல என்ன சாப்டுவான்னுகூட நான் யோசிச்சதில்ல. சாவிய எங்க ஒளிச்சு வைக்கறதுன்னு மட்டும்தான் யோசிச்சிருக்கேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

மழை. பட்டாசுச் சத்தம்கூட நனைந்துபோய்த்தான் கேட்டது. மதியம் சாப்பிட்டபின் அஜய் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான்கு நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்கு நெசமாவே எங்க கேம் புடிச்சிருந்துதா?"

உரிப்பதை நிறுத்தினார். பிறகு, "இல்ல ரேகா."

"எப்ப இருந்து?"

"போன வருசம் முழுசா காட்டுனயில்ல, அப்பவே. அந்தக் கடியாரத்துக்கிட்ட வந்ததுமே சலிப்பாயிருச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல? ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல?"

"தூளுக்கு எழுதறது வேற" என்றார். "டீத்தூளு எம்பக்கத்துல வந்து உக்காந்து அழுகாதுல்ல."

ஒரு வருஷம். ஒரு வருஷம் இருந்துது கையில. நெல்சன் சொன்னப்ப, "அஜய்க்குப் பிடிச்சிருக்கே"ன்னுதான் நான் அவன் வாயை அடைச்சேன். இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா — நான் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன்.

இனிப்பு டப்பாவை யாரும் திறக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

இன்று காலை புதிதாக ஒரு விமர்சனம். முழுக்க முழுக்கப் பாராட்டு. 'நல்ல பாடி. முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை பிரைட். எங்கேயும் ஃப்ளாட் இல்லை.'

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. பாடி என்றால் டீச் சாயத்தின் திடம், பிரைட் என்றால் அதன் பளபளப்பு. இந்த வார்த்தைகளோடு பத்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். ஒரு விளையாட்டைப் பற்றி இப்படி எழுத உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார்.

எனக்கு மட்டுமா தெரியும்? கீழே ஒருவன், "இது கேமுக்கு எழுதினதா, டீக்கு எழுதினதா?" என்று கேட்டிருந்தான். இன்னொருவன் தோண்டி எடுத்துவிட்டான். நேற்று திறந்த கணக்கு, விளையாடியது பதினோரு நிமிடம். 'உருவாக்கியவர்களே எழுதிக்கொண்ட பாராட்டு' என்று தலைப்புப் போட்டுப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். பிடிக்கவில்லை என்று மரியாதையாக எழுதியவர்கள்கூட இப்போது ஏளனம் செய்கிறார்கள்.

பதினோரு மணிக்கு நெல்சன் கூப்பிட்டான். "ரேகா, உண்மையச் சொல்லு. இது நீயா?"

அஜய் நாக்கை நம்பித்தான் இந்த மலையில் அத்தனை ஃபேக்டரியும் தூளை அனுப்புகிறது. அவர் ஒரு இடத்தில் பொய் எழுதினார் என்று தெரிந்தால்?

"ஆமா" என்றேன்.

"நாம மோசமா ஒரு கேம் பண்ணலாம் ரேகா. அதுல அசிங்கம் ஒண்ணுமில்ல. ஆனா இது..." போனை வைத்துவிட்டான்.

நவம்பர் 5, செவ்வாய்

நான் அஜயிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் அஜய் வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "நெல்சன் ஊட்டுக்குப் போலாம், வா." ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் பழியை ஏற்றுக்கொண்டது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நெல்சன் எழுதிய பதில்களைப் படித்து ஊகித்திருப்பார், அவரும் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அருவங்காடு போய்ச் சேர்ந்தபோது நெல்சன் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தான். உட்காரச் சொன்னான். அஜய் உட்காரவில்லை.

"நெல்சன், அதை எழுதுனது நானுங்க. ரேகா இல்ல. அவளுக்குத் தெரியவே தெரியாது."

நெல்சன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "அப்பறம் ஏன் நீன்னு சொன்ன?"

நான் அஜயைப் பார்த்தேன்.

"சரி, அவரு உனக்காகப் பொய் சொன்னாரு. நீ அவருக்காகப் பொய் சொன்ன" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "ஆறு நாளா ஒவ்வொருத்தனுக்கும் உக்காந்து பதில் எழுதிட்டிருந்தேன் ரேகா. எம் பேரப் போட்டு. என்னை யாரு பாத்தீங்க?"

அஜய் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. "தப்புதாங்க" என்றார். "என் ஊட்டுக்காரி அழுகறதப் பாத்துட்டு இருக்க முடியல. எழுதிட்டேன்."

நெல்சன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். ஆறும்வரை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து என் பெயரில் நான்கு வரி போட்டேன். அந்தப் பாராட்டு எங்கள் வீட்டிலிருந்து போனது, நெல்சனுக்கு அதில் பங்கில்லை, எடுத்துவிட்டோம், மன்னிக்கவும். அஜய் பக்கத்தில் உட்கார்ந்து, "என் பேரையும் போடு" என்றார். போட்டேன்.

நவம்பர் 30, சனி

நெல்சனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. ஒரு கேம் கம்பெனி, சத்தம் மட்டும் அவன் பொறுப்பு. அந்த மழையைக் கேட்டுத்தான் கூப்பிட்டார்களாம். சிம்ஸ் பார்க் வாசலில் நின்று சொன்னான்.

"இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் போயிருச்சு. ஆனா இன்னொரு நாலு வருசம் எங்கிட்ட இல்ல ரேகா."

போய் வா என்றேன். வேறு என்ன சொல்ல?

டிசம்பர் 13, வெள்ளி

வெளியானதிலிருந்து இன்றுதான் ஆல்டர்லி பங்களாவை முதலிலிருந்து கடைசிவரை விளையாடினேன். எனக்குப் பழக்கமில்லாத யாரோ செய்தது மாதிரி நினைத்துக்கொண்டு.

முதல் இரண்டு அறை நன்றாக இருக்கிறது. உண்மையாகவே. மூன்றாவதில் ஒரே சாவிக்காக மூன்று தடவை படியேறி இறங்க வேண்டியிருக்கிறது. கடிகாரப் புதிருக்கு வந்தபோது விடை எனக்கே மறந்துவிட்டிருந்தது. நானே எழுதிய துப்புகளைப் படித்தேன். அவற்றை வைத்து அந்த விடைக்கு யாராலும் வர முடியாது. என்னாலும் முடியவில்லை. விளக்கு மங்கி மார்கரெட் வந்தபோது நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை அறையில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பத்துக்கு நாலு. நானும் அதைத்தான் கொடுத்திருப்பேன். அதை எழுதின ஆளை ஒண்ணரை மாசமா மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன். பாவம், கடைசிவரைக்கும் பொறுமையா விளையாடியிருக்கான்.

ஜனவரி 11, 2025, சனி

அறையைக் காலி செய்தோம். புல்லெல்லாம் உறைபனி. மேசைகளை அஜயும் பேக்கரி ஆட்களும் இறக்கினார்கள். சுவரில் பன்னிரண்டு அறைகளின் வரைபடம் ஒட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சுசீலாக்கா, "அந்தத் தம்பி வரலீங்களா?" என்று கேட்டார். பெங்களூருக்குப் போய்விட்டான் என்றேன். "அப்ப நீங்க ஒத்தையா என்ன பண்ணுவீங்க?"

திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே ஒரு வேலை. மற்றவர்கள் செய்யும் கேம்களை வெளியாவதற்கு முன் விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சுசீலாக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கம்ப்யூட்டர் வேலைதாங்க்கா" என்றேன்.

வண்டியில் அஜய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். லேம்ப்ஸ் ராக் திருப்பம் வந்ததும், "அந்தக் கேம்ல எனக்கு உண்மையாவே புடிச்சது ஒண்ணு இருக்கு, சொல்லட்டா?" என்றார். "வேண்டாங்க, இன்னிக்கு வேண்டாம்" என்றேன். அவர் சொன்னால் நம்புவேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

காலை பத்து மணி வாக்கில் நெல்சனிடமிருந்து ஒரு ஃபைல் வந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை. நலமா, எப்படி இருக்கிறாய், ஒன்றும் இல்லை. ஒரு வரி மட்டும்: 'எங்க புது கேம்ல வர்ற பஸ் ஸ்டாண்டு. இங்க எல்லாரும் சூப்பர்ங்கறாங்க. நீ கேட்டுட்டுச் சொல்லு.'

கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை கேட்டேன். எஞ்சின், ஹாரன், ஊர் பெயர் சொல்லிக் கூவுகிறவன், டீக் கிளாஸ். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் ஏதோ சரியில்லை. நல்லாருக்கு என்று அடித்தேன். அதை அழித்தேன். 'அருமை, ஆனால்' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். கடைசியில் எழுதி அனுப்பியது இதுதான்: 'நல்லா இல்ல. இவ்வளவு பெரிய பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆள்கூட இருமல. ஒரு குழந்தைகூட அழுகல. பஸ்ஸுதான் இருக்கு, போறதுக்கு ஆளக் காணோம்.'

அனுப்பிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தேன். அவ்வளவுதான், இனி இவன் எழுத மாட்டான் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. "இருமல்னா எப்படி? பக்கத்துலயா, தூரத்துலயா?" என்றுதான் ஆரம்பித்தான். தூரத்தில் ஒரு கிழவர், பக்கத்தில் ஒரு பையை இழுத்துக்கொண்டு யாராவது, என்றேன். பை எதனால் ஆனது என்று கேட்டான். ஒரு மணி நேரம் பேசினோம். பங்களாவைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வைக்கும்போது, "அடுத்த வாரம் இன்னொண்ணு அனுப்பறேன்" என்றான். அனுப்பு என்றேன்.

சாதம் குழைந்துவிட்டது. மதியம் சாப்பிட வந்த அஜய் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "கொளஞ்சிருச்சு ரேகா" என்றார்.