நல்ல நிலையில் உள்ள முப்பத்தோரு வீடுகள்

மாமல்லபுரம், 9 நவம்பர் 1977, புதன்

இன்றைக்கும் மீன்காரி பூவாயியோடு சண்டை. நேற்றைய மீனை இன்றைக்கு என் தலையில் கட்டப் பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். "இன்னா பாயம்மா, பொண்ணு பாக்க வந்தா மாரி திருப்பித் திருப்பிப் பாக்கற?" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்தால் அப்புறம் எங்கே பேரம் பேசுவது? அவள் மகள் சம்பூர்ணத்துக்குக் கடலோரக் குப்பத்தில் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். பெயர் வைக்க அவசரமில்லையாம், இப்போதைக்கு 'ராசா'தான்.

என் வீட்டுக்காரர், என் மச்சான், ஏழு மணிக்கு வந்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆகிப் பதினோரு வருஷம். வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தாலும் "பார்வையிட்டேன், சரியாக உள்ளது" என்பார். சில நாள் சிரிப்பு வரும். சில நாள் டப்பாவைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

13 நவம்பர், ஞாயிறு

புயல். எங்கள் வீட்டில் பதினான்கு ஓடு போனது, முருங்கை சாய்ந்தது. மச்சானை ஆபீஸில் கூப்பிட்டுக்கொண்டார்கள். கடல் இவ்வளவு தூரம் தள்ளியிருந்தும் அடுப்படி வரை உப்பு வாசனை. யா அல்லா, குப்பத்து ஜனங்கள் என்ன ஆனார்களோ.

14 நவம்பர், திங்கள்

பூவாயி கூடையில்லாமல் வந்தாள். "வூடு பூட்ச்சி பாயம்மா. முப்பத்தோரு வூடும் பூட்ச்சி." உயிர்ச்சேதம் இல்லை. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், சம்பூர்ணம் பச்சைப்பிள்ளையோடு ஈரத் தரையில். என் பழைய கம்பளியைக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள், திட்டியதும் வாங்கிக்கொண்டாள்.

ரேடியோவில் நிவாரணப் பணி போர்க்கால வேகத்தில் நடக்கிறது என்றார்கள். டீக்கடைக் கண்ணாயிரம் தெருவுக்கே கேட்கக் கத்தினான்: "எந்த ஊரு போருய்யா அது? இங்க ஒரு ஜீப்பு வரல!" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வர வேண்டிய ஜீப்பில் வரப்போகிறவர் என் வீட்டுக்காரர் அல்லவா.

16 நவம்பர், புதன்

மச்சான் தலைமுடியெல்லாம் மணலாக வந்தார். நாளைக்குக் குப்பம் என்றார். என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "வீடு விழுந்திருந்தா கீத்து, மூங்கில், அரிசி. கூரை நின்னா ஒண்ணும் கிடையாது. பார்த்ததைத்தான் எழுதுவேன் ராபியா."

பாருங்களேன், நன்றாகப் பாருங்கள் என்று எனக்குச் சந்தோஷம். உடனே பூவாயிக்கு ஆள் அனுப்பினேன், நாளைக்கு வருவது எங்கள் மச்சான்தான் என்று.

17 நவம்பர், வியாழன்

அவர் சீக்கிரமே வந்துவிட்டார், முகமெல்லாம் பூரிப்பு. "என்ன ஜனங்க! அஞ்சே நாள்ல எல்லா வீட்டையும் எழுப்பிட்டாங்க. வாசல்ல கோலம், எனக்கு இளநீர், உட்காரக் கட்டில்!" பாரத்தில் எழுதியதைப் படித்தும் காட்டினார்: 'வீடுகள் 31. அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன.'

நேற்று வரை பள்ளிக்கூடத்தில் கிடந்தவர்கள். எப்படி?

18 நவம்பர், வெள்ளி

எப்படி என்று தெரிந்துவிட்டது. பூவாயி சொல்கிறாள்: "ஆபீசர் வந்தா வர்ட்டும்னு இருந்திருப்போம். வர்றது எங்க பாயம்மா வூட்டுக்காரரு. கலீஜா வெச்சிகினு எப்டி நிக்கறது? பொழுது விடியறதுக்குள்ள பழைய கீத்தப் பொறுக்கி மேல போட்டு, மீன் வலயப் போட்டு இழுத்துக் கட்டினோம்."

"சேதத்தைப் பார்க்கத்தான்டி வந்தாரு!"

"விருந்தாளி வந்தா கிழிஞ்ச துணியயா எடுத்துக் காட்டுவாங்க?"

என் வாய். என் வாயைத் தைக்க வேண்டும். நான் ஆள் அனுப்பாமல் இருந்திருந்தால் விழுந்த வீடு விழுந்தபடியே இருந்திருக்குமே!

இவரிடம் சொன்னேன். மாற்றி எழுதுங்கள் என்றேன். "நின்ன வீட்டை விழுந்துச்சுன்னு எழுதச் சொல்றியா? பொய்க் கையெழுத்து போட மாட்டேன்." நேர்மையாம். அந்த நேர்மையை நாலு கீற்றாகப் பின்னி அந்தப் பிள்ளை தலைக்கு மேல் போட முடியுமா? கேட்டேவிட்டேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும்தான்.

20 நவம்பர், ஞாயிறு

பஞ்சாயத்துப் பலகையில் பட்டியல் ஒட்டியாயிற்று. பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் எண்கள், இந்தக் குப்பத்துக்கு நேராகச் சைபர். பெண்கள் போய் பஸ் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜீப்பை விடவில்லை. ரேஷன் வரிசையில் என் காது படவே ஒருத்தி சொன்னாள்: "எளநி குட்ச்சிட்டு சைபர் போட்டுட்டுப் பூட்டாரு." சர்க்கரை வாங்காமல் வந்துவிட்டேன்.

பூவாயியும் ரோட்டில்தான் இருந்தாளாம். ஆனால் யாரோ மச்சானை அசிங்கமாகப் பேசியபோது, "கெவருமெண்ட்ட இன்னா வேணா திட்டு. அந்த மனுசன இதுல இட்டாராத" என்று சண்டைக்குப் போனாளாம். கண்ணாயிரம் சொன்னான். கேட்டு அழுதேன்.

ஒரு வாரமாக மீன் இல்லை. கடலுக்கு யாரும் போகவில்லை என்பது உண்மைதான். போனாலும் என் வாசலுக்கு வருவாளா?

22 நவம்பர், செவ்வாய். பக்ரீத்

காலையிலிருந்து மழை. குர்பானிக் கறியைப் பங்கு வைத்து முடித்ததும், குப்பத்துப் பங்கை நானே கொண்டுபோகிறேன் என்றேன். "நீங்களும் வரணும்." இவர் தயங்கினார். "பார்வையிட வேணாம். பெருநாளைக்கு விருந்தாளியா வாங்க." நாலு நாளில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. குடையை எடுத்துவிட்டார்.

பூவாயி எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு, "மழைல நிக்காத, உள்ள வா பாயம்மா" என்றாள். உள்ளேயும் மழைதான். கட்டிலை இவருக்குப் போட்டு, இவர் தலைக்கு நேராக அலுமினியக் குண்டானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான் அவள் புருஷன் முனிசாமி. டொக் டொக் என்று அதில் தண்ணீர். மூலையில் சம்பூர்ணம் முதுகை வளைத்துக் குனிந்திருந்தாள். அவள் முதுகில் சொட்டியது, மடியில் கிடந்த பிள்ளை மேல் சொட்டவில்லை. என் கம்பளி பிழிகிற ஈரம்.

இவர் எழுந்து குண்டானை முனிசாமி கையிலிருந்து வாங்கிப் போய்ச் சம்பூர்ணத்தின் தலைக்கு மேல் பிடித்தார். அப்புறம் கம்பத்தைத் தொட்டார். ஆடியது. வெறும் மணலில் சொருகியிருந்தார்கள்.

"அன்னைக்கு ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல சாரு. சந்தோசமா சிரிச்சிகினு இருந்த" என்றாள் பூவாயி.

முப்பத்தோரு வீட்டுக்குள்ளேயும் போனார். குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நான். ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு குடையை மடக்கிவிட்டேன், எதற்கு? பெருநாள் சேலை பாழ். போகட்டும். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது, அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

24 நவம்பர், வியாழன்

இரண்டாவது அறிக்கை கொடுத்தார். மேலதிகாரி கேட்டாராம், "முதல் ரிப்போர்ட் பொய்யா, இது பொய்யா?" இவர், "முதல்ல வாசல்ல நின்னு பார்த்தேன் சார். தப்பு என்னோடது" என்றாராம். மெமோ கொடுத்திருக்கிறார்கள்.

1 டிசம்பர், வியாழன்

லாரி வந்தது! கீற்று, மூங்கில், அரிசி மூட்டை. முப்பத்தொன்றுக்கும்.

6 டிசம்பர், செவ்வாய்

மாற்றல் உத்தரவும் வந்தது. கருங்குழி. கடலே கிடையாது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

கருங்குழி, 20 டிசம்பர், செவ்வாய்

வந்து ஆறு நாள். மழை விடவில்லை. வாடகைக்கு எடுக்கும்போது இவர் சுற்றிப் பார்த்துவிட்டு நல்ல வீடு என்றார். கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. இங்கே எனக்கு யாரையும் தெரியாது. யாருக்கும் என்னையும்.

பதினோரு மணிக்கு வாசலில் குரல். "பாயம்மா!" கூடையோடு பூவாயி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். மீன் நாற்றம் என்று கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்தானாம், அவனுக்கும் ஒரு கெளுத்தி கொடுத்தாளாம். ராசா புதுக் கூரைக்குக் கீழே நன்றாகத் தூங்குகிறானாம். உள்ளே வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். அடுப்படிக்குப் போய்க் குண்டானை எடுத்துவந்து, மதியச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்திருந்த இவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

"இன்னா சாரு, வூடு நல்ல நிலைல கீதா?"

இவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஒரு மாதம் கழித்து இவர் சிரித்துப் பார்க்கிறேன்.

கூடையை இறக்கினாள். இரண்டு பஸ்ஸில் வந்த மீன், கொஞ்சம் வாடித்தான் இருந்தது. நான் பாத்திரத்தை நீட்டினேன்.

"இன்னா பாயம்மா, செவுளத் தூக்கிப் பாக்கல?"

"பார்வையிட்டேன்" என்றேன். "சரியாக உள்ளது."