மேற்கு எல்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்ட கையோடு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, சுண்ணக்கல் வெட்டியெடுத்த பள்ளமான கல்லுக்கிடங்குப் பக்கம் போனேன். நனைந்த சுண்ணாம்புக் கல்லின் மணம் உனக்குத் தெரியும். வெள்ளையடித்த சுவரில் ஈரம் ஊறினால் எழும்புமே, அந்த மணம். கிடங்கின் விளிம்பில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தலைக்கவசம், இறுக்கமான காற்சட்டை, மெல்லிய சில்லு வைத்த சைக்கிள்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள், குடாநாட்டைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கிறார்களாம். அதில் ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள்.

"அன்ரி, இந்தக் குளத்துக்கு என்ன பேர்? சூப்பரா இருக்கு."

"உது குளமில்லைப் பிள்ளை. ஒரு வீடு."

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அவளில் பிழையில்லை. மேலே நின்று பார்த்தால் பச்சைத் தண்ணீரும் வெள்ளைப் பாறையும் வடிவாகத்தான் இருக்கின்றன. அந்த வடிவுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. உன் நினைவு மலரில் எல்லோரும் அன்பாக எழுதியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் உன் ஊரைப் "பிறப்பிடமாகவும்" என்றும் மானிப்பாயை "வதிவிடமாகவும்" என்றும் வழமைபோலப் போட்டிருக்கிறார்கள். பிறப்பிடத்தைப் போய்ப் பார்த்துவிட்டா எழுதினார்கள்? எனக்கு அன்பாக எழுத வரவில்லை. நிலத்தைக் கிண்டியவர்களில் கோபம், காணிக் கந்தோர் அலுவலர்களில் கோபம், என் அண்ணையில் கோபம். உன்னிலும் கோபம். என்னில் உள்ளதை எழுதத்தான் இந்த மடல்.

நம் பத்து வயதில், போருக்குப் பயந்து, ஒரே நாளில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்காரரும் கிளம்பினோம். அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் இராணுவம் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. விட்டபோது நமக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பாதை திறந்த முதல் ஞாயிறு நீ மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்தாய். நான் தெல்லிப்பழைச் சந்தியில் காத்து நின்றேன். பஸ்ஸில் போகலாம் என்றதற்கு நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"பஸ்ஸிலை போனால் எண்ணேலாதெடி" என்றாய்.

நீ எதை எண்ணப்போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. நம் வீடுகளுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் நிறுத்தி, வலது பெடலை மேலே கொண்டுவந்து, பிறகு உழக்கத் தொடங்கினாய். சின்ன வயதில் உன் அம்மாவின் சைக்கிளை நின்றபடி உழக்கிப் பள்ளிக்கூடம் போய்வந்தபோது எண்ணி வைத்த கணக்கு. முகப்பிலிருந்து உங்கள் வாசல் படலைக்கு நாற்பது உழக்கு. சில்லின் அளவு மாறவில்லை, ஒழுங்கையும் மாறியிராது என்றாய். நான் பின்னால் வந்தேன். இருபத்தாறில் எங்கள் படலை இருந்த இடம் வந்தது. தூணில் பாதி நின்றது. முப்பத்தொன்றில் நீ பிரேக் பிடித்தாய்.

நிலம் முடிந்திருந்தது.

பழைய சீமெந்து ஆலைக்காகத் தோண்டிய கிடங்குகளை நாம் பிறந்த நாளிலிருந்து கண்டவர்கள். அவை தூரத்தில் இருந்தன. இது புதிது. நாம் இல்லாத காலத்தில் யாரோ வந்து, ஒழுங்கையின் பாதியையும், எங்கள் வீட்டு வளவின் மேற்குப் பக்கத்தையும், உன் வளவை முழுதாகவும் வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். யாரென்று எந்தக் கடதாசியிலும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். குடாநாட்டில் மலையில்லை, தட்டையான சுண்ணக்கல் நிலம் என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு என் முன்னால் மலையும் பள்ளத்தாக்கும் கிடந்தன. குவித்து வைத்த கழிவுக் கற்கள் மலை. மிச்சமெல்லாம் பள்ளத்தாக்கு.

"இன்னும் ஒன்பது உழக்கு இருக்கு" என்று வெறும் வெளியைக் காட்டிச் சொன்னாய்.

பிறகு லொறி ஏறி இறங்கிய சரிவு வழியாகச் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு கீழே போனோம். சரளைக்கல்லில் சில்லு வழுக்கியது. அடியில் தேங்கியிருந்த தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாய்.

"எங்கடை கிணத்தின்ரை அடி இப்ப என்ரை தலைக்கு மேலை" என்றாய். "கிணத்தையும் களவெடுப்பினம் எண்டு ஆர் நினைச்சது?"

நான் அழுதேன். நீ என்னைப் பார்த்து, "கீரிமலையிலை மலை எங்கை எண்டு கேக்கிறவைக்கு இனி உந்த இடத்தைக் காட்டலாம்" என்றாய். அப்போதே உன்னில் எனக்குக் கோபம் வந்தது. அழவேண்டியவள் பகிடி விட்டால் பக்கத்தில் நிற்கிறவள் என்ன செய்வது?

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். ஊர் முழுதும் இருந்த கிடங்குகளைச் சுற்றி, மேட்டில் ஏறி, இறக்கத்தில் காலை விரித்துக்கொண்டு பெடலை விட்டு, சில நாள் மயிலிட்டிக் கடற்கரை வரை போய்த் திரும்பினோம். பார்க்கிறவர்களுக்கு நடுத்தர வயதுப் பெண்கள் இருவர் உல்லாசமாகச் சுற்றுகிறார்கள். நீ ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தாய். கிடங்காகிப்போன காணிக்கு மாற்றுக் காணி கேட்கலாம் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள். ஆனால் உன் காணி அங்கேதான் இருந்தது என்று எல்லைக் காணிக்காரர் ஒருவர் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். வடக்கே ஒழுங்கை. தெற்கே இருந்தவர்கள் எந்த நாட்டில் என்று தெரியாது. மேற்கே இருந்தவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. கிழக்கு எல்லை நான்.

ஒரு நாள் கடதாசியோடு என் வீட்டுக்கு வந்தாய். மாற்றுக் காணி கிடைத்தால் ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான் கட்டுவேன் என்றாய். "வாடகை வீட்டிலை கிடந்து சாக எனக்கு விருப்பமில்லையெடி."

எங்கள் காணி உறுதிப் பத்திரப்படி என் பெயரில் இருந்தது. சீதனமாக எழுதித் தந்தது. பேனையும் மேசையில் கிடந்தது. நான் என்ன சொன்னேன்?

"அண்ணையை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். "ஓம், கேள்" என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாய்.

அண்ணை கடதாசியைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"வைக்காதை. உதிலை போட்டிருக்கிற அளவைப் பாத்தனியே? வேலியிலை ரெண்டடி எங்கடை. அப்பா சாகுமட்டும் சொன்ன கதை."

"அண்ணை, வேலி நிண்ட இடத்திலை இப்ப காத்துத்தான் நிக்குது."

"காத்தெண்டாலும் எங்கடை காத்து. கையெழுத்து வைச்சால் அவையின்ரை அளவை ஒத்துக்கொண்ட மாதிரி."

இதைச் சொல்லி நான் ஊரெல்லாம் சிரித்தேன். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. அண்ணையில் மட்டும் பழியைப் போட்டு நான் தப்பமுடியாது. வருடா வருடம் வேலியடைப்பு நாளில் அப்பா கயிறு பிடித்துக்கொண்டு நிற்பதையும், உன் ஐயா மறுபக்கத்தில் நின்று கத்துவதையும், பனையோலைக்கு நடுவால் நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்து நெளிவதையும் கண்டு வளர்ந்தவள் நான். அந்த இரண்டடி எனக்குள்ளும் இருந்தது. நாற்பதடிக் கிடங்குக்கு மேலே அந்தரத்தில் இரண்டடி. உன்னோடு ஞாயிறு தவறாமல் சைக்கிள் உழக்கிக்கொண்டே அதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை என்றேன். தைப்பொங்கல் முடியட்டும் என்றேன். சோதனைப் பேப்பர் திருத்தி முடியட்டும் என்றேன். நீ ஒரு தரம்கூட என் கழுத்தைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். "உனக்கு வெக்கமில்லையே?" என்று நடுரோட்டில் கேட்டிருந்தால் அங்கேயே வைத்திருப்பேன். நீ கேட்கவில்லை. உன் பொறுமையை எல்லோரும் மலரில் புகழ்ந்திருக்கிறார்கள். அதை வாசிக்க எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு நீ சைக்கிளை நிறுத்தினாய். முதலில் இளைப்பு என்றாய், பிறகு ஆஸ்பத்திரி என்றாய். தெல்லிப்பழையில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது நீ தலையைத் திருப்பி மெதுவாகச் சிரித்தாய்.

"பயப்பிடாதையெடி. உங்கடை ரெண்டடியை நான் மேலை கொண்டுபோகமாட்டன்."

அன்று வீட்டுக்குப் போய்க் கடதாசியைத் தேடினேன். அண்ணை வீட்டில் இருந்தது. வாங்கப் போனால் அவர் கோயிலுக்குப் போயிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பினேன். அந்தக் கிழமைக்குள் நீ போய்விட்டாய்; உன்னை வாடகை வீட்டிலிருந்துதான் எடுத்தோம்.

உன் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கையெழுத்து வைத்தேன். சமாதான நீதவானிடம் முத்திரை வாங்கி, கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, நீ போய்விட்டதையும் சொன்னேன். அங்கே இருந்த கிளாக்கர் திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"விண்ணப்பிச்ச ஆள் இல்லையே, அக்கா. பிள்ளையள் இருக்கினமே?"

"இல்லை. கலியாணம் கட்டேல்லை."

"அப்ப இதை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?"

உண்மையாகத்தான் கேட்டார்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை, அல்லது நீ ஊகித்திருப்பாய். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் புதன்கிழமை அதே கந்தோர் என்னைக் கூப்பிட்டது. என் காணியை, கிடங்கில் போன பகுதியையும் சேர்த்து, அளந்து புதுப் பிளான் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து வைத்தால், இராணுவம் எடுத்திருந்த காணி அரச பதிவிலும் திரும்ப என் பெயருக்கு வந்துவிடும். அண்ணையும் கூட வந்தார். பிளானை விரித்துப் பார்த்தேன். வடக்கு, ஒழுங்கை. கிழக்கும் தெற்கும் சரி. மேற்கு, அரச காணி.

"மேற்கிலை பிழை" என்றேன்.

"அங்கை ஒருத்தரும் இல்லைத்தானே, அக்கா. கிடங்கு."

"கிடங்குக்குச் சொந்தக்காரி இருக்கிறா. என்ரை உறுதியைப் பாரும். மேற்கெல்லை அவையின்ரை தாயின்ரை பேர். தாய்க்குப் பிறகு அவ."

"அவ செத்துப்போனா எண்டு நீங்கள்தானே வந்து சொன்னீங்கள்?"

"செத்தால் அது அரசின்ரை வளவாகிடுமே?"

அண்ணை என் முழங்கையைப் பிடித்தார். "விசர்க்கதை கதையாதை. வைச்சுப்போட்டு வா. இதிலை எங்கடை ரெண்டடியும் சரியா வந்திருக்கு."

அவர் விரலால் தொட்டுக் காட்டினார். உண்மைதான். அந்தரத்தில் இருந்த இரண்டடியையும் எங்கள் பக்கம் சேர்த்து அளந்திருந்தார்கள். மறுப்பதற்கு மேற்கில் யாரும் இல்லாதபடியால்.

பேனையை எடுத்தேன். அண்ணையின் முகம் தெளிந்தது. "அரச காணி" என்பதை வெட்டினேன். அதற்கு மேல் உன் ஐயாவின் முதலெழுத்தோடு உன் முழுப்பெயரை, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல, விளங்கும்படி எழுதினேன்.

"ஐயோ, பிளானைப் பழுதாக்கிப்போட்டியளே" என்று கிளாக்கர் எழுந்துவிட்டார். "இனி முதலிலையிருந்து விண்ணப்பிக்க வேணும், அக்கா."

"விண்ணப்பிக்கிறன். எத்தினை தரம் தந்தாலும் உதைத்தான் எழுதுவன்."

அண்ணை அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. என் காணி இன்னும் என் பெயருக்கு வரவில்லை, வராமலும் போகலாம். நீ கேட்டபோது தராததை இப்போது தருகிறேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தக் கந்தோரில் இன்றைக்கு உன் பெயர் எழுதிய கடதாசி ஒன்று கிடக்கிறது. எழுத்து என்னுடையது. புது விண்ணப்பத்தின் பிரதிகள் இரண்டு என் கைப்பையில் இருக்கின்றன. இரண்டிலும் மேற்குப் பக்கத்தை நிரப்பிவிட்டேன்.