நான் போட்ட ஜாமீன் கையெழுத்து

அக்கா,

இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பந்தல்குடித் தெருவில் யாரோ நொச்சி இலையை வதக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. நீ இருந்த கடைசி வருஷம், நான் பரளச்சிக்கு வரும்போதெல்லாம் உன் வீட்டில் இதே வாசனைதான். "இடுப்பு வலி தம்பி. பருத்திக்காட்டுல குனிஞ்சு நிமிந்து வந்தது. ஒத்தடம் குடுத்தாச் சரியாப் போகும்" என்பாய். நானும் தலையாட்டிவிட்டு, நீ போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன். ஒரு தடவையாவது உன் முகத்தை நன்றாகப் பார்த்தேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் உச்சி வெயிலில் பரளச்சியிலிருந்து நடந்தே என் வீட்டுக்கு வந்தாய். இடது காது வீங்கியிருந்தது. தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"காஞ்ச பருத்திமாரோட சேத்து வச்சுக் கொளுத்திருவேன்னு ஒம் மச்சான் அடிக்கடி சொல்லுவாக. கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு. நேத்து தீப்பெட்டியவே கையில எடுத்துட்டாக தம்பி."

கோர்ட்டுக்குப் போவோம் என்று நான் சொன்னதும் நீ என்னை விநோதமாகப் பார்த்தாய்.

"பொண்டாட்டிய அடிக்கதுக்கெல்லாம் கோர்ட்டு உண்டா?"

"அடிச்சதுக்கு இல்லக்கா. இனிமே அடிக்காம இருக்கதுக்கு."

அருப்புக்கோட்டையில் மனு எழுதுகிறவர் ஒருவர் எனக்கு அதை விளக்கியிருந்தார். ஒருவன் இன்னொருவரை மிரட்டினால், ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று அவனிடம் மாஜிஸ்திரேட் முச்சலிக்கை எழுதி வாங்கலாம். அவனுக்காக இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். மீறினால் அவனும் ஜாமீன்தாரர்களும் எழுதிய தொகையைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சொத்து ஜப்தி. ஜாமீனுக்கு ஆள் இல்லையென்றால் அவன் ஜெயிலில் இருக்க வேண்டியதுதான். எல்லாவற்றையும் உனக்கு எடுத்துச் சொன்னேன், வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி.

விஷயம் தெரிந்து சபை உபதேசியார் வந்தார். "புருசன் பொண்டாட்டி காரியம் கோர்ட்டுப் படி ஏறக்கூடாதும்மா. ஜெபத்துல வையி" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஜெபத்துலதான்யா வச்சிருக்கேன். தீப்பெட்டி அவுக கையிலல்ல இருக்கு" என்றாய். அவர் எழுந்து போனார்.

நான்கு மாதம் அலைந்தோம். அந்த மாஜிஸ்திரேட் ஓரிடத்தில் இருப்பவரல்ல. எந்த ஊர் பங்களாவில் முகாம் போடுகிறாரோ அங்கேதான் விசாரணை. ஒரு வாய்தா அருப்புக்கோட்டையில், அடுத்தது திருச்சுழியில். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் பாதி வழியில் நின்றுபோய், வெடித்துக் கிடந்த கரிசல் காட்டின் ஓரமாக நடந்தோம். போய்ச் சேர்ந்தால் துரை வேறு ஊருக்குப் போய்விட்டார் என்பார்கள். அந்த நான்கு மாதமும் நீ என் வீட்டில்தான் இருந்தாய். உனக்குப் பிள்ளையில்லை, என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் நீதான் தலை வாரிவிட்டாய். திருச்சுழியில் கோர்ட்டு டவாலி உன் பெயரை மூன்று தரம் உரக்கக் கூவியபோது, "எம்பேர இவ்வளவு சத்தமா ஆரும் கூப்பிட்டதில்ல தம்பி" என்று சிரித்தாய். காது வீங்கி வந்த பிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான்.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்ப்பவர், தீப்பெட்டியைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னார். நம் பக்கம் தீர்ப்பானது. மச்சான் ஒரு வருஷத்துக்கு முச்சலிக்கை எழுதித் தர வேண்டும், இரண்டு ஜாமீனோடு.

முதல் ஜாமீனுக்கு அவருடைய சித்தப்பா நின்றார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. பரளச்சியில் ஒருவர்கூட அவரை நம்பிக் கையெழுத்துப் போடத் தயாராயில்லை. மாலைக்குள் ஆள் வராவிட்டால் ஜெயில் என்றார்கள். மச்சான் வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மாப்ள, ஒங்கக்காவுக்காகப் போடு. செயிலுக்குப் போயிட்டு வந்தேன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

அது கெஞ்சலா மிரட்டலா என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. நான் ஜாமீன் நின்றால் அவர் என் பிடியில் இருப்பார், என் முகத்துக்காகவாவது அடங்குவார் என்று நினைத்தேன். பத்தடி தூரத்தில்தான் நீ உட்கார்ந்திருந்தாய். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பேரில் இருந்த ஒரே புஞ்சையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன். "சொந்த மைத்துனரே நிற்கிறாரா? ரொம்ப நல்லது" என்றார் மாஜிஸ்திரேட்.

வெளியே வந்ததும் நீ குமாஸ்தாவிடம் போனாய்.

"ஐயா, இவுக மறுபடியும் அடிச்சு, நான் வந்து சொன்னா, சாமீன் போட்டவுக சொத்தும் போயிருமா?"

"போகும்மா."

"ரெண்டு பேரு சொத்துமா?"

"ரெண்டு பேருதும்தான்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு, "சரி, போவோம்" என்று புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாய். சட்டத்தை நன்றாகப் புரிந்துகொண்டாய் என்று நான் சந்தோஷப்பட்டேன், அக்கா.

அதன்பின் பத்து மாதம். எப்போது கேட்டாலும், "கோர்ட்டுக்குப் பயந்து கெடக்காக. இப்ப ஒரு கொறையுமில்ல" என்றாய். பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஆள் வந்தது, உனக்குக் காய்ச்சல் என்று. நான் வந்து சேர்வதற்குள் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன்னைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு அம்மாள் என்னை வைக்கோல் படப்புக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"வாத்தியாரய்யா, காச்சலு மூணு நாளாத்தான். வெலா எலும்பு ஒடஞ்சு மூணு மாசமாச்சு. ஒடம்புல தடமில்லாத எடமில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் சொல்லத்தான் கெளம்புனேன். கையப் பிடிச்சுக்கிட்டா. 'எந்தம்பி மூணு பிள்ளைகள வச்சிருக்கான், அவன் புஞ்சை போயிரும், சொல்லிராதீக'ன்னுட்டா."

உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு, மறுநாளே கோர்ட்டுக்குப் போனேன். ஜப்தி ஆனால் ஆகட்டும், அவர் மீறினார் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். குமாஸ்தா பொறுமையாகத்தான் கேட்டார். "அடித்ததைப் பார்த்தது யார்?" பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், "நான் அந்த ஊருல பொழைக்கணும்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஆடு மேய்ப்பவர் என்னைக் கண்டதும் மந்தையை வேறு பக்கம் திருப்பினார். ஊர்ப் பதிவில் காய்ச்சல் என்றே எழுதியாயிற்று. இரண்டு மாதத்தில் முச்சலிக்கையின் கெடுவும் முடிந்தது. சபைக் கோயில் வாசலில் மச்சான் என் தோளில் கை வைத்து, "ஒனக்கு ஒரு சேதமுமில்லாம முடிஞ்சது மாப்ள" என்றார். அந்தக் கையை நான் தட்டிவிடக்கூட இல்லை.

போன வாரம் ஒரு பெண் தன் அண்ணனோடு என் வீடு தேடி வந்தாள். அக்காவுக்காகக் கோர்ட்டில் ஜெயித்த வாத்தியார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் கழுத்தில் கயிறு இறுக்கிய தடம்.

"கோர்ட்டுப் பேப்பரு கையில இருந்தா அடிக்க மாட்டாகளாய்யா?" என்று கேட்டாள்.

"மொதல்ல, ஒங்கண்ணன் சாமீன் போடக்கூடாது" என்றேன்.

"பெறகு ஆரு போடுவா?" என்றான் அண்ணன்.

மனுவை எழுதிக் கொடுத்தேன். அதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அவள் படி இறங்கும்போது, யாருக்காகவும் வாயை மூடிக்கொள்ளாதே தாயி என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நீ வாய் திறக்காததால் மிஞ்சிய புஞ்சையில்தான், அக்கா, நானும் என் பிள்ளைகளும் இன்றைக்கும் சாப்பிடுகிறோம்.

உன் தம்பி