உன் வேட்டு தனியாகக் கேட்கவில்லை

அம்மா,

இன்று காலை நான் வேலை பார்க்கும் தையல் கடைக்குப் பித்தான் தைக்க ஒரு காக்கிச் சட்டை வந்தது. மடியில் போட்டதுமே வலது கை மடிப்பிலிருந்து வெடிமருந்தின் வாசனை வந்தது. மரியாதை வேட்டுக்குப் போய் வரும் நாட்களில் உன் சட்டையில் இருக்குமே, அதே வாசனை.

ஆயுதப்படைக் காவலராக இருந்த உன்னை, இறந்த காவலர்களுக்காக வானம் பார்த்துச் சுடுகிற வரிசையில் சேர்த்த அன்று மைசூர்பாகு வாங்கி வந்தாய். துப்பாக்கியில் குண்டு இருக்காது, மருந்து மட்டும்தான். ஆனால் எல்லாத் துப்பாக்கியும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். முதல் ஒத்திகையில் உன்னுடையது மட்டும் பிந்திக் கேட்டது.

“இன்னாக்கா, செத்தவருக்கு எக்ஸ்ட்ராவா ஒண்ணு வுட்டியா?” என்று கூட நின்றவர்கள் ஓட்டினார்கள். இன்னொரு முறை பிந்தினால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார்.

“பக்கத்துல நிக்கிறவன் சத்தத்துக்குக் காத்துகினு கீறேன், அதான்,” என்றாய். துடைப்பக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். “நீ ஆர்டர் குடு.”

வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வராமல், எல்லோரும் சிரித்து, ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். என்னிடம் போய்க் கேட்டாய்.

“ஃபயர்,” என்றேன்.

“எறும்புக்கா சொல்ற?”

அப்போது நம் வீட்டை ஒட்டிய கொருக்குப்பேட்டை ரயில் லைனில் கூட்ஸ் வண்டி வந்தது. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிகூட ஆடியது. நான் வாயை மூடிக்கொண்டேன். நீ கட்டையை இறக்கவில்லை. “இப்போ சொல்லு. கத்த வோணாம். உன் குரல மட்டும் கேக்கறேன்.”

அதன் பிறகு கூட்ஸ் வரும்போதெல்லாம் நமக்குப் பயிற்சிதான். அத்தனை பெட்டிகளின் இரைச்சலுக்குள் என் குரலைப் பிடித்து விரலை அழுத்தினாய்.

எதற்கு ஒன்றாகச் சுட வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “அந்தக் காலத்து துப்பாக்கி எங்க சுடும்னு அதுக்கே தெரியாது. அதனால வரிசையா நின்னு ஒண்ணா வுட்டாங்க. ஒரு வரிசை சுட, பின் வரிசை மருந்து கெட்டிச்சுகினு இருக்கும். இப்போ குறி தப்பாத துப்பாக்கி கீது. நாங்க ஒண்ணா வுடறது சாவுக்குத்தான். உனுக்காக இத்தினி பேரு ஒருத்தரா நிக்கறோம்னு காட்டறது.”

திருவொற்றியூர்ச் சுடுகாட்டில் உன் முதல் மரியாதை வேட்டு. நான் சுற்றுச்சுவருக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மூன்று முறையும் ஒரே சத்தம். காக்கைகள் எழுந்து பறந்தன.

வெளியே ஓடி வந்து, “கேட்டியாடி?” என்றாய்.

“உன்னுது கேக்கவே இல்லமா.”

தெருவிலேயே என்னைக் கட்டிக்கொண்டாய். அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

போன ஆடியில், வேலையில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டு நீ போனாய். உனக்கும் அதே வரிசை சுட்டது. நீ இல்லாமலும் பிசகாத ஒரே சத்தம். அழுதேன், ஆனால் தலை குனியவில்லை.

மாலையில் சட்டையை வாங்க வந்தவள் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். “இன்னிக்கும் என் வேட்டு லேட்டாயிருச்சுடி. எனுக்கும் சேத்து அவனுங்களே சுட்டுட்டாங்களாம்னு சிரிக்கறானுங்க. நாளைக்கு மரியாதை வேட்டு. அதுலயும் தப்புனா எட்த்துருவாங்க.”

சட்டையை மடித்துக் கொடுத்தேன். அவள் படி இறங்கப் போனாள். கூப்பிட வேண்டும் என்று நினைத்ததுமே வகுப்பில் எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது. கடைக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி ஊதியது.

“அக்கா,” என்றேன். திரும்பினாள். துணி அளக்கும் மரக்கோலை அவள் கையில் கொடுத்தேன். “தோள்ல வெச்சுக்கோ. என் குரல மட்டும் கேளு.”

வண்டி நெருங்கி, மேசையில் கத்தரிக்கோல் நடுங்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஆர்டர் கொடுத்தேன்.