இணைச்சீருக்கு ஒரு தங்கை

பெருமாட்டி
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜீவிதா அம்மிணிக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் மெயில். வைகாசியில் வைத்த என் கல்யாணத்தை உனக்காக ஆவணிக்குத் தள்ளினோம். இப்போது தை என்கிறாய்.

அப்படி என்னதான் ஆராய்ச்சி? வெளிநாடு போய்ப் படிக்கிறவர்களைப் பற்றி ஊரார் எழுதிய கட்டுரைகளை வாசித்து, எந்தக் காலத்தில் எதை அதிகம் எழுதினார்கள் என்று நீ எழுதுகிறாயாம். எனக்கு மாமனாராகப் போகிற இந்துவின் அப்பாவிடம் சொன்னேன். “ஏனுங் மாப்ள, அதுக்கு அம்மிணி அவ்வளவு தூரம் போகோணுமா?” என்றார்.

கூடப்பிறந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர்ச் சடங்கு முடிந்தால்தான் நான் தாலி கட்ட முடியும். சித்தப்பா மகள் சிவசங்கரியை உட்கார வை என்கிறார்கள். சொந்தத் தங்கையை வைத்துக்கொண்டு இரவல் வாங்குவேனா? வந்து சேர்.

உன் அண்ணன்,
அருள்குமார்

மெல்பன்
5 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள அண்ணாவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. கோபத்திலும் அம்மிணி என்றுதானே எழுதினீர்கள், அது போதும்.

நான் வாசித்ததில் முதலில் மொழிச் சிக்கல், அப்புறம் தனிமை, இப்போது வேலையும் விசாவும். ஊரில் இருக்கும் வீட்டாரை யாருமே பெரிதாகக் கேட்கவில்லை அண்ணா! நான் அதைக் கண்டுபிடித்ததில் என் பேராசிரியைக்கு ஏக சந்தோஷம். ஆவணிக்குள் கட்டுரை கொடுத்தாக வேண்டும். தையில் கட்டாயம் வருகிறேன். கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த பட்டுச் சேலையை அம்மா பத்திரமாக வைக்கட்டும்.

ஒரு உதவி. வீட்டாரிடம் பேட்டி எடுக்க வேண்டும், முதல் ஆள் நீங்கள்தான். நான் இல்லாததால் வீட்டில் என்ன மாறியது? யோசித்து எழுதுங்கள்.

செல்லத் தங்கை,
ஜீவிதா

பெருமாட்டி
31 ஆகஸ்ட் 2024

ஜீவிதாவுக்கு,

உன் மெயில் வந்த அன்று இந்து போன் செய்தாள். “உங்க தங்கச்சி வர்ற வரைக்கும் நான் இன்னும் எத்தனை முகூர்த்தம் காத்திருக்கோணுமுங்க?” என்று அழுதாள். உன்னிடம் சொன்னால் நீ கெஞ்சுவாய், நான் மறுபடி தள்ளிவைப்பேன். அதனால் சொல்லவில்லை.

நேற்று கல்யாணம் முடிந்தது. அம்மா உன் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். அதைக் கட்டிக்கொண்டு சிவசங்கரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நன்றாகத்தான் செய்தாள். நாளைக்கு என் பிள்ளைகளுக்கு அத்தை முறை செய்வதற்கும் அவளையே கூப்பிடுவார்கள்.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீ இல்லாததால் வீட்டில் என்ன மாறியது என்று கேட்டிருந்தாய். இதுதான். கட்டுரையில் சேர்த்துக்கொள்.

அருள்குமார்