புல்லில் கால் வைக்காத ஊருக்கு ஒரு நடைபாதை

என் அன்பு அக்காவுக்கு,

போன கிழமை நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் எனக்கு ஒரு கடிதம் தந்தார்கள். முல்லைத்தீவுக்கு இடமாற்றம் வரலாம் என்று அதில் இருக்கிறது. கிளிநொச்சி நகர மையத்தின் புதிய வரைபடத்தில் நான் கையெழுத்து வைக்க மறுத்ததுதான் காரணம். உனக்குத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். நீ இருந்திருந்தால் "நல்ல வேலைதான் செய்தனீ" என்றிருப்பாய். இல்லாவிட்டால், ஊரைத் திருத்த வெளிக்கிட்ட விசரி என்று ஏசியிருப்பாய். எது என்று இனி யாரிடம் கேட்பேன்?

என் பழைய வரைபடம் உனக்குத் தெரியும். உன் போட்டோக்கொப்பிக் கடை மேசையில் விரித்து வைத்துத்தானே கீறினேன். நம்முடைய ஊர் கண்டி வீதியோடு நீட்டுக்கு இழுபட்டுக் கிடக்கிறது. வங்கி ஒரு தொங்கல், சந்தை இன்னொரு தொங்கல். காய்ச்சலுக்கு ஒரு பனடோல் கார்ட் வாங்கவும் ஆட்டோ பிடிக்க வேண்டும். கீழே கடை, மேலே வீடு, எல்லா இடத்துக்கும் நடந்து போய்வர நிழலான ஒரு நடைபாதை. இவ்வளவுதான் நான் கேட்டது. அதற்கு உதாரணமே நீதான். மேலே குசினியில் கறி கொதிக்க, கீழே சனத்தின் காணிப் பத்திரங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நீ.

அந்த வரைபடத்தில் நடைபாதைக்குப் பச்சை நிறம் தீட்டியிருந்தேன். ஓரமெல்லாம் அழகான புல். நீ பார்த்துவிட்டு, "புல்லுக்குள்ள ஆர் கால் வைப்பினம்?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். மிதிவெடி எடுத்து முடித்து எவ்வளவு காலம், உனக்கு இன்னும் பயம் போகவில்லையா என்று நக்கலடித்தேன். கொழும்பில் படித்துவிட்டு வந்த திமிர், வேறென்ன. நீ கறியைப் பார்க்க மேலே போய்விட்டாய்.

சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் நமக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. தார் ரோட்டை விட்டு இறங்காதே, மற்றவர் மிதித்த இடத்தில் மட்டும் மிதி. பிறகு வந்து மண்டையோட்டுப் பலகைகளைக் கழற்றினார்கள். பழக்கத்தை யார் கழற்றுவது? இன்றைக்கும் சனம் தார் விளிம்பில்தான் நடக்கிறது. நீயும் அப்படித்தான் நடந்தாய். அன்று காலை உன்னை அடித்த மணல் டிப்பர் லொறி வந்தபோது உனக்குப் பக்கத்தில் ஆறடி அகலத்துக்குப் புல் சும்மா கிடந்தது. நீ அதில் இறங்கவில்லை.

விபத்து அறிக்கையில் "வீதியில் நடந்து சென்றமை" என்று உன் பிழையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசித்த நாளிலிருந்து என் மனம் ஆறவில்லை. எழுதியவர்மேல் கோபம். நீ சொன்னபோது சிரித்த என்மேல் அதைவிடக் கோபம்.

இந்த வருசம் ஒரு திட்டக் குழு வந்தது. மூன்று நாள் வீதியோரம் கதிரை போட்டு இருந்து சனத்தை எண்ணினார்கள். ஓரத்தில் ஒருவரும் நடக்கவில்லை என்று குறித்தார்கள். ஆகவே இந்த ஊருக்கு நடைபாதை தேவையில்லை, அந்த இடம் வாகனத் தரிப்பிடம் என்று முடிவு கட்டினார்கள். கடைக்கு மேல் குடியிருக்கவும் கூடாதாம், வீடுகள் எல்லாம் உள்ளே தள்ளிப் போக வேண்டுமாம். அப்படியென்றால் உன் மேல்வீடும் போகும். என் வரைபடம் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

கூட்டத்தில் எழும்பினேன். சனம் ஏன் புல்லில் நடப்பதில்லை என்று விளக்கினேன். தலைமை அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் பழைய பயத்தை வைத்துத் திட்டம் போட முடியாது என்றார்.

"பயத்தை வச்சுத்தான் சேர் நாங்கள் உயிரோட இருக்கிறம்," என்றேன். "பயப்படாமல் நடக்க ஒரு பாதை போட்டுத் தாங்கோ. அதுக்குப் பிறகு எண்ணுங்கோ."

கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் தள்ளினார்கள். பேனையை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் உன் பக்கத்துக் கடை ஹனீபா நானா வந்தார். புத்தளத்தில் இருபது வருசம் அகதியாய் இருந்துவிட்டு வந்து இரும்புக்கடை போட்டவர், இனி யார் சொல்லியும் எழும்ப மாட்டேன் என்கிற மனிதர். நடைபாதையை அனுமதி தேவைப்படாத இடத்தில் நாங்களே போடுவோம் என்றார். என்ன இடம் என்று பார்த்தால் அவருடைய சொந்தக் காணி. கடை முகப்பில் அடுக்கியிருந்த வாளி, குழாய் எல்லாவற்றையும் நாலடி பின்னுக்கு இழுத்துவிட்டார். அவரைப் பார்த்து மற்ற இரண்டு கடையும் இழுத்தன. நாலாவதான தேத்தண்ணிக் கடைக்காரர் மட்டும் சனம் இருந்து குடிக்கிற வாங்குகளை எங்கே போடுவது என்று இரண்டு நாள் சண்டை பிடித்துவிட்டு, மூன்றாம் நாள் தானே மண்வெட்டியோடு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சீமெந்துக் கல் பதித்தோம். மேல்மண்ணைச் செதுக்கினால் போதும் என்று நான் சொல்லச் சொல்ல, ஹனீபா நானா ரோட்டில் போகிற எல்லாரும் பார்க்க ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டினார். எதற்கு வீண் வேலை என்று நினைத்தேன். பின்னேரம் அம்மாவைக் கூட்டி வந்தபோதுதான் விளங்கியது.

அம்மா தார் விளிம்பிலேயே நின்றார். புதுக் கல்லைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார்.

"கீழ பாத்தவையோ?"

"நானே தோண்டினனான் அம்மா. ஒவ்வொரு அடியும் என்ர கையால பாத்தனான். வாங்கோ."

அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாலு கடை நீளம் நடந்து உன் வாசல் வரை போனார். அங்கே கதவைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி அதே கல்லில் நடந்து வந்து என்னிடம் கேட்டார்: "மிச்சத்தை எப்ப போடுவியள்?"

போட்டுத்தான் தீருவேன் அக்கா. முல்லைத்தீவுக்கு அனுப்பினால் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து கல் அடுக்குவேன். சந்தை வரைக்கும், வங்கி வரைக்கும், ஒவ்வொரு வாசலாகக் கெஞ்சியாவது சண்டை பிடித்தாவது கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அதற்குப் பிறகு அந்தக் குழு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எத்தனை நாளும் இருந்து எண்ணட்டும்.

உன் ஒரே தங்கச்சி,
பவானி