வேணுநாதனின் புதுத் தட்டு

1974 பெப்ரவரி 3

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் றாபியா எழுதுகிறாள். எனக்கு என் ஞாபகம் போதும், சபாரத்தினத்துக்குத்தான் போதாது. அவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கடுதாசியில் இல்லாத எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்று நம்புகிற மனிசன். போன நோன்புக்குத் தான் சொன்னதை இன்றைக்கு இல்லவே இல்லை என்று நிற்கிறார். சரி, இனி எல்லாம் கடுதாசியில்.

இன்றும் அப்துல் ஸமதின் தேத்தண்ணிக் கடையில் அதே சண்டை. வேணுநாதன் என்ற இந்தியப் பாட்டுக்காரனை அவர் கந்தர்வன் என்கிறார். பப்பாசி விதை கலந்த மிளகு என்கிறேன் நான். பார்த்தால் கறுப்பு, கடித்தால் ஒன்றுமில்லை. மாத்தளையில் ஆயுசு முழுக்க மிளகு வாங்கி விற்றவன் சொல்கிறேன்.

"அவன்ட தொண்டையில ஈக்கிறது சளி, ஐயா. அத நீங்க உருக்கம் எண்டு செல்றீங்க."

"மீராசாஹிப் நானா, உங்களுக்குச் சுரம் தெரியுமோ? தாளம் தெரியுமோ? சும்மா கதைக்கிறியள்."

"சோறு வெந்திச்சா இல்லையா எண்டு செல்ல, நான் சோறாக்குற கோக்கியா ஈக்கணுமா?"

ஸமத் நடுவில் வந்து, "ரெண்டு பேருல ஒருத்தராச்சும் இன்னொரு தேத்தண்ணி செல்லுங்க" என்றான். அவனுக்குச் சங்கீதம் அவ்வளவுதான்.

பெப்ரவரி 11

கடையில் சீனி இல்லை. தேத்தண்ணியோடு கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு கையில் வைக்கிறான் ஸமத். சபாரத்தினம் தன் துண்டைக் கடிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி பாலேஸ்வரிக்காம். மனிசன் மோசமில்லை. ரசனைதான் மோசம்.

பெப்ரவரி 24

வேணுநாதன் புதிதாகப் பெரிய இசைத்தட்டு ஒன்று போட்டிருக்கிறானாம். இரண்டு பக்கமும் பாட்டு. இங்கே இறக்குமதி நின்றுபோய் எவ்வளவு காலம்! பாலேஸ்வரியின் தம்பி சிவராசா சிதம்பரம் போகிறார், கொண்டுவருவார் என்று சபாரத்தினம் அறிவித்தார். மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த முகம்.

"கேட்டாப் பிறகு நீங்கள் வாய் திறக்க ஏலாது, நானா."

"கேட்டாப் பிறகு ஒங்களுக்குக் காது ஈக்குமா எண்டு பாருங்க."

மார்ச் 17

இந்தியாவில் இருந்து தலைமன்னார்க் கப்பல் வந்துவிட்டதாம். சிவராசாதான் வரவில்லை. சபாரத்தினம் தேத்தண்ணியை ஆறவைத்துவிட்டு வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 7

வந்தது. வேட்டிகளுக்கு நடுவில் வைத்துச் சுங்கத்தைத் தாண்டிய தட்டு. ஸமதின் கடையில் இருக்க இடமில்லை. பலாபத்வலையில் இருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். மட்டையில் வேணுநாதன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான்.

முதல் பாட்டில் யாரோ விசிலடித்தார்கள். பாட்டு எப்போது தொடங்கும் என்று இருந்தோம். அதுதான் பாட்டாம். இரண்டாவதில் ஒரு புது வாத்தியம், கோயில் ஒலிபெருக்கியைச் சோதிக்கிற சத்தம். மூன்றாவது, அவனே முன்னொரு காலம் பாடிய தாலாட்டு. சொல்லை மாற்றி, ஓட்டமாக ஓடவிட்டிருக்கிறான். அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் தூங்காது, எழுந்து வேலைக்குத்தான் போகும்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் மட்டையை எடுத்துப் பார்த்து, "கண்ணாடி நல்லா ஈக்கு" என்றேன். கடை சிரிப்பில் குலுங்கியது.

சபாரத்தினம் எழுந்து தட்டைப் பாதியில் நிறுத்தினார். சட்டைப் பையில் இருந்த லேஞ்சியை எடுத்துத் துடைத்து மட்டைக்குள் போட்டார்.

"நானா, நீங்கள் சொன்னதுதான் சரி. இவ்வளவு காலமும் நான்தான் ஏமாந்துபோனன்."

பெரிய எழுத்தில் எழுது என்றேன் றாபியாவிடம். எழுதியிருக்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 8

சபாரத்தினம் வரவில்லை. வெட்கமாக இருக்கும்.

ஏப்ரல் 21

இன்னும் வரவில்லை. நான் வேணுநாதனைப் பற்றி என்ன சொன்னாலும் கடையில் எல்லாரும் "சரியாச் சென்னீங்க நானா" என்கிறார்கள். உப்பில்லாத கஞ்சி. வேண்டுமென்றே பிழையாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் தலையாட்டுகிறான்கள், மாடுகள்.

"வெண்டுட்டீங்களே நானா," என்றான் ஸமத். "இனி யாரோட வாயாடப் போறீங்க? சொவரோடயா?"

மே 5

சந்தையில் சபாரத்தினத்தைக் கண்டேன். "சுகமோ நானா?" என்றார். மழை குறைவு என்றார். மரக்கறி விலை என்றார். என்னோடு மரக்கறி விலை பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது!

வருகிற மாதம் பென்சனாம். வாடகை வீட்டை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போகிறார்களாம். இங்கேயே இருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிசன்.

"ஏன் ஐயா? ஒங்களுக்கு இந்தக் குளிர் பிடிக்குமே?"

"இஞ்ச இனி என்ன கிடக்கு?"

வெண்டிக்காய் வாங்க மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். றாபியா ஏசினாள். அதையும் எழுதுகிறாள் பார்.

மே 12

அந்தத் தட்டில் இருக்கிற இரண்டாவது பாட்டு அவ்வளவு மோசமில்லை என்று கடையில் சொன்னேன். என் வாயால்! நாக்கு கசந்தது. கேட்டவர்கள் எனக்குக் காய்ச்சலா என்றார்கள்.

மே 13

சபாரத்தினம் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எனக்குப் பாவம் பார்த்து ஒண்டும் சொல்ல வேண்டாம், நானா. அது குப்பை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். முட்டாள் வேலை பார்த்தேன். அந்த மனிசனுக்குப் பிச்சை பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா?

மே 19

யோசித்தேன். வேணுநாதன் முதன்முதலில் பாடிய பாட்டு, மழைப் பாட்டு. சபாரத்தினம் மாற்றலாகி மாத்தளைக்கு வந்த அன்று மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அது போனது. முடியும்வரை சூட்கேசும் கையுமாக வீதியில் நின்றாராம். பஸ்காரன் ஹோர்ன் அடித்தும் அசையவில்லையாம். எத்தனை தரம் சொல்லியிருப்பார்!

இவ்வளவு காலச் சண்டையில் அந்த ஒரு பாட்டை மட்டும் நான் தொட்டதில்லை. வல்லாஹி, அது நல்ல பாட்டு. கேட்டால் எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரி வரும்.

நாளைக்கு அதைத் தொடப்போகிறேன்.

மே 20

கணபதி, சபாரத்தினத்தின் கந்தோர் பியோன். அவன் காதில் போட்டால் மாவட்டத்துக்கே போட்ட மாதிரி. அவன் தேத்தண்ணிக்கு வந்த நேரம் பார்த்து உரக்கச் சொன்னேன்:

"புதுத் தட்டு என்னத்துக்குக் கெட்டது? அவன் தொடக்கத்துலயே கெட்டவன். அந்த மழைப் பாட்டு ஈக்கே, தகரத்துல ஓட்ட விழுந்து வீட்டுக்குள்ள ஒழுகுற மாதிரி. அதக் கேட்டு வீதியில நிண்டவனுக்கு பஸ்ஸும் போச்சு, புத்தியும் போச்சு."

கணபதி தேத்தண்ணியை முடிக்காமலே எழுந்து போனான்.

சபாரத்தினம் வந்தபோது குடையை விரித்தபடியே கடைக்குள் வந்துவிட்டார். மழை வெளியில். அது அவருக்குத் தெரியவில்லை.

"மழைப் பாட்டையோ சொன்னனீர்?"

இத்தனை வருசத்தில் முதல் முறை "நீர்" என்றார்.

"ஓ, அதத்தான்."

"இனிமேல் பாட்டுக் கேக்காதையும். உமக்கு மிளகு மூட்டைதான் சரி! அந்தப் புதுத் தட்டு விழுந்ததெண்டால் அது அவன்ரை வயசு. மழைப் பாட்டைத் தொட உமக்கு என்ன தகுதி கிடக்கு?"

"விழுந்ததா? எழும்பினவன்தானே விழணும், ஐயா."

அவர் கதிரையை இழுத்த சத்தத்துக்குச் சமையல்காரன் எட்டிப் பார்த்தான். "குடைய மடக்கிட்டுக் கொல பண்ணுங்க" என்றான் ஸமத். மேசையில் தட்டித் தட்டித் தாளம் போட்டு அந்தப் பாட்டை முழுக்கப் பாடியே காட்டினார் சபாரத்தினம். குரல் கேவலம். பாட்டு பிழைத்துக்கொண்டது. நான் முகத்தைச் சுளித்து வைத்திருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மே 21

வந்தார். ஏசினார்.

மே 22

வந்தார்.

ஜூன் 9

பாலேஸ்வரியைப் பஸ் நிலையத்தில் கண்டேன். "நானா, இரவு நித்திரையில் கூட உங்களைத்தான் ஏசுறார். எங்கடை வீட்டிலை நிம்மதி இல்லை" என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு கையில் இருந்த மாம்பழத்தில் ஒன்றை எடுத்து றாபியாவுக்கென்று தந்தார்.

ஜூன் 28

சபாரத்தினம் இன்றோடு கந்தோரை விட்டு நின்றார். மாலை போட்டார்களாம். மாலையோடு நேராகக் கடைக்கு வந்தார். வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வருசத்துக்குப் பேசிவிட்டாராம். என்னிடம் சொல்லவில்லை, ஸமதிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

பிறகு என் பக்கம் திரும்பி, "இனி எனக்குக் கந்தோர் இல்லை, நானா. காலமையே வருவன்" என்றார்.

"காலையில எனக்குக் காது கேக்காது" என்றேன்.

றாபியா, நாளைக்கு விடிய என்னை எழுப்பிவிடு.